மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, கோடியக்கரை: கடல் பாதுகாப்புப் பகுதிகளுக்கு மூணு வருஷ நிதியை எதில் போடுவது?

பின்னலாடை_நிதி (திருப்பூர்)

வணக்கமுங்க. இங்கே ஒரு பின்னலாடை நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கிற வேலை என்னோடது. இதுவரைக்கும் குளம் தூர்வாருவது, மரக்கன்று, பள்ளிக்கூடக் கழிப்பறை என்று உள்ளூரிலேயே செலவழித்து வந்தோம். நம்ம நஞ்சராயன் குளமும் விழுப்புரம் மாவட்டக் கழுவெளியும் 2024 ஆகஸ்டில் ஒண்ணா ராம்சர் பட்டியலுக்கு (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) போனதிலிருந்து நிர்வாகத்துக்குக் கடலோரத்தின் மேல் அக்கறை வந்திருக்கு. ஆண்டுக்கு 30 லட்சம் வரை, மூணு வருஷத்துக்குத் தருவதாகப் பேச்சு.

கேள்வி இதுதானுங்க. மன்னார் வளைகுடா தீவுகள், பாக் விரிகுடாவின் கடல்பசு காப்பகம், கோடியக்கரை ஆகிய மூணையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே தொடராக நிர்வகிக்க உதவணும் என்பது யோசனை. கான்கிரீட் செயற்கைப் பாறை இறக்க ஒரு விலைப்புள்ளி, பவளத் துண்டு நடவுக்கு ஒண்ணு, ட்ரோன் கண்காணிப்புக்கு ஒண்ணு வந்து மேஜையில் கிடக்கு. எதில் போட்டால் உண்மையிலேயே பலன்? பலன் வந்ததா இல்லையா என்று எதை வைத்து அளப்பது? கடல் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வனவியல்_மேட்டுப்பாளையம்

நல்ல காரியமுங்க. விலைப்புள்ளி மூணையும் கொஞ்ச நாள் ஓரமா வைங்க. அது மூணும் கடலுக்குள்ளே எதையாவது இறக்குவது, இல்லாவிட்டால் மேலே எதையாவது பறக்கவிடுவது. தொடராக நிர்வகிப்பது என்பது வேறு வேலை. ஒரே மாதிரி அளப்பது, ஒரே மாதிரி காவல் காப்பது, மூணு இடத்துக்காரங்களும் ஒரே மேசையில் உட்காருவது. இதற்குத்தான் யாரும் விலைப்புள்ளி தருவதில்லை, பணமும் இதில்தான் குறைகிறது.

முதலில் சட்ட நிலை. மூணும் மூணு வகை. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986இல் வந்தது, மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், 560 சதுர கி.மீ. அதைச் சூழ்ந்து 1989இல் அறிவித்த உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கி.மீ. பாக் விரிகுடாவின் கடல்பசு பாதுகாப்பகம் 2022 செப்டம்பரில் வந்தது, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கி.மீ. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சர் தலம். தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் காலே வைக்கக் கூடாது. கடல்பசு காப்பகம் வன உயிரினச் சட்டத்தின் 36அ பிரிவின்படி, உள்ளூர் மக்களைக் கலந்து பேசி அறிவிப்பது. அதற்கு ஒரு நிர்வாகக் குழு உண்டு, எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு ஊராட்சிக்கும் அதில் ஓர் இடம் உண்டு. ஆகவே பூங்காவுக்கு எழுதிய திட்டத்தைப் பேர் மாற்றிக் காப்பகத்துக்குக் கொண்டுபோனால் முதல் கூட்டத்திலேயே நின்றுவிடும்.

அடுத்தது, இந்த இடங்களுக்குள் என்னதான் தொடர்பு? அது உயிருக்கு உயிர் மாறும். பவளம் முட்டையும் விந்தும் கடலில் விடும். அதன் இளவுயிரிகள் (லார்வா) சில நாள் முதல் சில வாரம் வரை நீரோட்டத்தோடு மிதந்து போய் எங்கேயோ ஒட்டும். சிங்கி இறாலின் இளவுயிரி மாதக் கணக்கில் மிதக்கும், எந்தக் கடலிலிருந்து வந்தது என்றே சொல்ல முடியாது. சங்கு இதற்கு நேர்மாறு. ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கிய முட்டைக்கூட்டுக்குள்ளேயே குஞ்சு வளர்ந்து, வெளியே வந்ததும் அதே மணலில் ஊர்ந்துபோகும். ஒரு சங்குப் படுகை அழிந்தால் 30 கி.மீ. தள்ளி இருக்கிற படுகை வந்து அதை நிரப்பாது. ஆவுளியாவோ, அதாவது கடல்பசுவோ, மேய்ச்சலுக்காகத் தானே நீந்திப்போகிற பிராணி. நாளைக்கு 30 முதல் 40 கிலோ கடற்புல் வேணும், ஓர் இடத்தில் புல் தீர்ந்தால் அடுத்த இடம்.

கலிபோர்னியாவில் 124 பகுதிகளைத் தொடராக அமைத்து 2012இல் முடித்தார்கள். அங்கே வைத்த விதி, ஒவ்வொன்றும் கரையோரமாகக் குறைந்தது 5 முதல் 10 கி.மீ. நீளம், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 50 முதல் 100 கி.மீ.க்குள் இடைவெளி. அது குளிர்கடல், அந்தக் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் நீளத்தையும் இடைவெளியையும் உயிரினத்தின் நடமாட்டத்தை வைத்து முடிவு செய்வது என்ற முறை நமக்கும் பொருந்தும். மன்னாரில் தீவுகள் நெருக்கமாகவே இருப்பதால் இடைவெளி பெரிய கவலை இல்லை. தீவுக்கும் தீவுக்கும் நடுவே இருக்கிற கடற்புல்லும், பாம்பன் கால்வாய்க்கு இரண்டு பக்கமும்தான் கவலை. அங்கே விசைப்படகு இழுக்கிற இழுவைமடி வலை கடல்தரையை வாரினால் இரண்டு கோடியிலும் காவல் வைத்துப் பிரயோசனமில்லை.

செயற்கைப் பாறை பற்றி என் கருத்தை நேராகவே சொல்கிறேன். அது மீனைக் கூட்டும். சுற்றிலும் பிடிக்கத் தடை இல்லாத இடத்தில் இறக்கினால், சிதறிக் கிடந்த மீன் ஓரிடத்தில் சேர்ந்து, பிடிப்பது சுலபமாகிவிடும். தூத்துக்குடி பக்கம் வான் தீவு அரிப்பில் கரைந்துகொண்டே வந்ததால், அலையை உடைக்க அதன் கடல்முகத்தில் பாறை அமைப்புகளை வைத்தார்கள். அது தேவை பார்த்துச் செய்தது, ஆராய்ச்சிக் கணக்கோடு செய்தது. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளத்தை வெட்டியெடுத்ததில்தான் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. பவளம் 2001இல் வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்த பிறகுதான் அந்த வெட்டு நின்றது. உங்கள் 30 லட்சத்தில் தீவை மீட்க முடியாது, அரசு செய்யட்டும். நீங்கள் அரசுப் பணம் எட்டாத இடைவெளியை நிரப்புங்க.

மோட்டார்_பீளமேடு

மேலே சொன்ன இடைவெளியில் பெரியது எரிபொருள்தானுங்க. படகு வாங்கித் தர எல்லோரும் முன்வருவாங்க, படத்துக்கு நல்லா இருக்கும். ஆனா அது ஓடுவதற்குப் பணம் யாரும் வைப்பதில்லை.

கணக்குப் பாருங்க. ஃபைபர் படகு, 40 குதிரைத்திறன் வெளிப்பொருத்து மோட்டார், டூ ஸ்ட்ரோக். நிதானமா ஓட்டினாலே மணிக்கு 12 முதல் 15 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஒரு ரோந்து 5 மணி நேரம்னா 60 முதல் 75 லிட்டர். மாதம் 15 ரோந்துக்கு 900 முதல் 1,125 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வைத்தால் மாதத்துக்கு ஒரு லட்சம். கடல் ஏற்காத மாதங்களைக் கழித்து 8 மாதம் ஓடினாலும் ஒரு படகுக்கு 8 லட்சம். இதில் கலக்கிற ஆயில் (50க்கு 1), உதிரிபாகம், ஓட்டுநர் கூலி தனி. இந்த வரி திட்டத்தில் இல்லையென்றால் படகு கரையில் கவிழ்ந்துதான் கிடக்கும்.

மோட்டார் கெடுவது பெரும்பாலும் உப்பாலதான். ஒவ்வொரு தடவை கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் 10 நிமிஷம் ஓட்டி உட்புறத்தைக் கழுவணும். தீவு முகாமில் நல்ல தண்ணீருக்கே பஞ்சம், அதனால விட்டுடுவாங்க. 500 லிட்டர் தொட்டி ஒண்ணு இதுக்குன்னே ஒதுக்குங்க. தண்ணி பம்ப்போட ரப்பர் இம்பெல்லரை வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். மணல் கலந்த ஆழமில்லாத தண்ணியில ஓடுறதால அதுக்கும் முன்னாடியே தேயும். மாத்தாம ஓட்டினா சிலிண்டர் சூடேறிப் பிடிச்சுக்கும், அது முழு மோட்டார் செலவு. மோட்டார் உலோகத்துக்குப் பதிலா தான் அரிச்சுப்போகிற துத்தநாகக் கட்டி பாதி கரைஞ்சதும் மாத்துங்க, அதுக்கு மேல வர்ணம் அடிக்கக் கூடாது, அடிச்சா வேலை செய்யாது. உதிரி விசிறி ஒண்ணு, ஸ்பார்க் பிளக் ஒரு ஜோடி எப்பவும் படகிலேயே இருக்கணும்.

இரண்டாவது, மிதவை. நங்கூரம் பவளத்து மேல விழாம இருக்க நிலையான கட்டு மிதவையும், எல்லையைக் காட்ட எல்லை மிதவையும் வேணும். எல்லை மிதவை மஞ்சள் நிறம், உச்சியில் பெருக்கல் குறி, மஞ்சள் விளக்கு. உலகம் பூரா இதுதான் முறை. அடியில் மணல்னா திருகு நங்கூரம், பாறைன்னா துளைபோட்டு எபாக்சியில் கம்பி நடுறது. வெறும் கான்கிரீட் கட்டியைக் கட்டி விட்டா புயல் நாளில் இழுத்துக்கிட்டுப் போய் அதுவே பவளத்தை உடைக்கும். சங்கிலி முழுக்கத் தரையில் கிடந்தா அலைக்கு அலை வட்டம் போட்டு அரைச்சிடும். நடுநீரில் ஒரு சின்ன மிதவையை இடையில் சேர்த்துச் சங்கிலியைத் தரையிலிருந்து தூக்கி வைக்கணும். ஷேக்கிள் ஆணியை எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டலைன்னா சில மாசத்தில் தானாகக் கழன்றுடும். நிறைய மிதவை தொலையுறது திருட்டால இல்ல, இந்த ஆணியால.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆள் முங்கி அடிப்பகுதியைப் பார்க்கணும். மட்டி, சிப்பி ஏறி எடை கூடினா மிதவை அமிழும். நிறுவும் செலவில் நாலில் ஒரு பங்கையாவது ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க முடியலைன்னா மிதவையே போட வேணாங்க. பாதி எல்லையில் மிதவை, பாதியில் இல்லைன்னா மீனவருக்குக் குழப்பம், வழக்கு போட்டாலும் நிற்காது.

வனவியல்_மேட்டுப்பாளையம்

அண்ணன் சொன்னதோடு ஒண்ணு சேர்க்கிறேன். மன்னார் பூங்காவின் எல்லை தீவைச் சுற்றிய ஆழத்தைப் பாகக் கணக்கில் வைத்து வகுத்தது. ஒரு பாகம் 6 அடி. ஆழத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே மிதவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கரையிலிருந்து தெரிகிற கோபுரம், கலங்கரை விளக்கம், பனந்தோப்பு இவற்றில் இரண்டை ஒரே கோட்டில் பிடித்து எல்லையைச் சொல்லுகிற ஒரு படத்தை ஒவ்வொரு ஊருக்கும் அச்சடித்துக் கொடுங்க. நாட்டுப்படகுக்காரர் இடம் பிடிப்பது அப்படித்தான்.

ஜிபிஎஸ் எண்ணைக் கொடுத்தால் எந்த வடிவம் என்று எழுதிக் கொடுங்க. 9 பாகை (டிகிரி) 10.5 கலை (மினிட்) என்பதை 9.105 என்று யாராவது தசமத்தில் தட்டிவிட்டால் புள்ளி 4.2 கலை, அதாவது ஏறக்குறைய 7.8 கி.மீ. தெற்கே போய்விடும். வனத்துறை ஒரு வடிவத்திலும் மீன்வளத்துறை வேறு வடிவத்திலும் வைத்திருந்தால், இரண்டு பேர் கையிலும் எல்லை வேறு வேறு இடத்தில் நிற்கும். தொடர் நிர்வாகத்தின் முதல் காசு செலவாக வேண்டியது இந்த ஒரே வரைபடத்துக்குத்தான். வனத்துறை, மீன்வளத்துறை, மரைன் போலீஸ், ஊர்க் கமிட்டி நால்வரிடமும் ஒரே பிரதி இருக்கணும்.

நார்க்கயிறு_பொள்ளாச்சி

பவளம் நடுவதைவிடக் கடற்புல் நடுவது உங்க தொகைக்குப் பொருத்தம். கடல்பசு காப்பகத்துக்கு நேரடிப் பலனும் அதில்தான். பாக் விரிகுடாவில் மூங்கில் சட்டமும் தேங்காய்நார்க் கயிறும் வைத்து நட்டிருக்காங்க. கயிறு நம்ம ஊர்ச் சரக்கு என்பதால் அதன் குணத்தைச் சொல்கிறேன்.

சட்டம் 1 மீட்டருக்கு 1 மீட்டர். மூங்கிலை வெட்டிய உடனே போட்டால் மிதக்கும், அலை தூக்கிக்கொண்டு போகும். சில வாரம் நீரில் ஊறப்போட்டு எடை ஏற்றி, நாலு மூலையிலும் முளையடிச்சு இறக்கணும். கயிறு சாயம், ரப்பர்ப்பால், எண்ணெய் எதுவும் படாத பழுப்பு நார், இரண்டு புரி. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நாற்று. நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். புல் வேர்பிடிக்க ஒரு வருஷம் வரை ஆகும். நார் அதுவரை தாங்கி அப்புறம் மக்கிப் போகும், நைலான் அங்கேயே கிடந்து ஆமை காலில் சிக்கும்.

முடிச்சை இலையில் போடாதீங்க, கிடைத்தண்டில் போடணும். நுனி முளை உள்ள, மூணு நாலு குருத்து உள்ள துண்டு வேணும். நுனி முளை இல்லாத துண்டு பசுமையாகவே இருக்கும், ஆனால் படராது. கிடைத்தண்டு சேற்றைத் தொட்டிருக்கணும். கயிறு தளர்ந்து தண்டு தரைக்கு மேலே தொங்கினால் இரண்டு வாரத்தில் அழுகிவிடும், தோல்வியில் பாதி இதனால்தான். நாற்று எடுக்கிற படுகையில் ஓரிடத்தில் வாராமல் அங்கங்கே கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, நனைந்த சாக்கில் நிழலில் வைத்து, அன்றைக்கே நட்டுவிடணும்.

எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி, அந்த இடத்தில் புல் ஏன் போச்சு? இழுவைமடி வாரியதா, கலங்கலா, நங்கூரமா? காரணம் அப்படியே இருக்கிற இடத்தில் நட்டால் காசு கடலோடு போகும். வெள்ளை, கறுப்பு வட்டத்தகட்டைக் கயிற்றில் இறக்கிப் பாருங்க. நடப்போகிற ஆழத்தைத் தொடும் முன்பே தகடு மறைந்தால் அங்கே வெளிச்சம் போதாமல் போகலாம், வேறு இடம் தேடணும்.

நடவுக்கு முந்தியே நண்டுவலைக்காரரிடம் இடத்தைக் காட்டிக் கம்பு நட்டு அடையாளம் வைங்க. வலை சட்டத்தில் மாட்டினால் வலையும் போகும், சட்டமும் போகும், அந்த ஊர் ஆதரவும் போகும்.

வலைத்தறி_கரூர்

கைவிட்ட வலை விஷயத்தில் திருப்பூர்க்காரர் செய்யக்கூடியது நிறைய இருக்குங்க. படுகையில் கிடக்கிற செத்த வலை மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். கரைக்கு வந்த வலை எதனால் ஆனது என்று பிரித்தால்தான் மறுசுழற்சிக்கு விலை. செவுள் வலை, நண்டுவலை பெரும்பாலும் நைலான் 6. இழுவைமடி பாலிஎத்திலின், நம்ம கொசுவலை இழை மாதிரிதான். கயிறு பாலிபுரோப்பிலின்.

ஒரு வாளி நல்ல தண்ணியில் துண்டு வெட்டிப் போடுங்க. நைலானின் அடர்த்தி 1.14, மூழ்கும். பாலிஎத்திலின் 0.95, பாலிபுரோப்பிலின் 0.91, இரண்டும் மிதக்கும். முடிச்சுக்குள் காற்று நின்றால் நைலானும் மிதந்து ஏமாற்றும். ஒரு சொட்டு சோப்புத்தண்ணி விட்டுப் பிழிந்துவிட்டுப் பாருங்க. பாலியஸ்டரும் மூழ்கும்தான், ஆனால் எரித்துப் பார்த்து அதைப் பிரிக்க உங்க ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஈயக்குண்டு, மிதவை, சங்கிலி எல்லாம் கழற்றி, உப்பும் மணலும் போக அலசி, நிழலில் உலர்த்தணும். வலை இடத்தை அடைக்கும், லாரி வாடகை கட்டாது. பனியன் கழிவு கட்டுகிற கைப் பேலிங் பிரஸ் ஒண்ணை இறங்குதளத்தில் வைத்தால் போக்குவரத்துச் செலவு வெகுவாகக் குறையும். தராசும் பதிவேடும் அந்த ஊர்ப் பெண்கள் குழுவிடம் இருக்கட்டும்.

பவளத்தில் சிக்கிய வலையைப் படகில் கட்டி இழுக்கவே கூடாது, கிளைப்பவளம் கொத்தாக உடைந்து வரும். முங்குபவர் கத்திரியால் துண்டு துண்டாக வெட்டி எடுக்கணும். வலை மேலேயே பவளம் வளர்ந்து மூடியிருந்தால் தொங்குகிற பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியை அப்படியே விட்டுடலாம்.

பின்னலாடை_நிதி (திருப்பூர்)

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கலைங்க, ரொம்ப நன்றி. பேலிங் பிரஸ் எங்க கிட்டேயே சும்மா இருக்கு. பவள நடவை ஏன் எல்லோரும் தள்ளி வைக்கிறீங்க? நிர்வாகத்துக்கு அதில்தான் ஆசை. அப்புறம் அளவீடு பற்றி யாராவது சொன்னால் நல்லது.

நீரளவு_ஆனைகட்டி

பவள நடவு தப்பில்லைங்க, காலமும் காரணமும் பொருந்தணும். வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் 1 டிகிரி கூடிச் சில வாரம் நின்றாலே பவளம் வெளுக்கும். மன்னாரில் 2010இலும் 2016இலும் பரவலாக வெளுத்தது. ஏப்ரல், மே மாதத்தில்தான் ஆபத்து. ஆகவே நடுவதாக இருந்தால் மழைக்காலம் முடிந்து ஜனவரிக்குள் நட்டு, கோடைக்கு முன் ஒட்டிக்கொள்ள நேரம் கொடுக்கணும். மார்ச்சில் விழா வைத்து நட்டால் மே மாதம் வெள்ளை எலும்புதான் மிஞ்சும். அதோடு பவளத்தைத் தொடுவதற்கே தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேணும். இராமநாதபுரத்தில் காகிதம் நகர எடுக்கிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

நடுவதைவிட, இருப்பதைக் காப்பது மலிவு. குருசடைத் தீவுப் பக்கம் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி பவளத்தை மூடிப் பரவியது. இதைக் கையால் பிய்த்துத்தான் எடுக்கணும். பிய்க்கிறபோது சிதறுகிற சின்னத் துண்டுகூட மறுபடி முளைக்கும். அதனால் அடிப்பிடிப்போடு எடுத்து, நீருக்குள்ளேயே கண்நெருக்கமான பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்து உலர்த்தணும். அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகணும். ஒருமுறை எடுத்துப் படம் பிடித்துவிட்டு வருவதில் பயனில்லை. இதற்குத் தேவை கூலியும் படகு வாடகையும்தான். உங்க பணம் இங்கே நேராக வேலை செய்யும்.

அளவீட்டுக்கு வருகிறேன். தொடர் என்பதன் உயிர் இதுதான். ஓரிடத்தில் ஒரு கல்லூரி ஒரு முறையில் அளக்க, அடுத்த இடத்தில் வேறொருவர் வேறு முறையில் அளந்தால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைக்க முடியாது. பவளத்துக்கு 20 மீட்டர் நாடா நாலு, நடுவில் 5 மீட்டர் இடைவெளி, அரை மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு நாடாவுக்கு 40, மொத்தம் 160 புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கு என்று மட்டும் எழுதணும். உயிர்ப்பவளம், செத்த பவளம், பாசி, மணல், உடைசல். கடற்புல்லுக்கு 50 மீட்டர் நாடா மூணு, 25 மீட்டர் தள்ளித் தள்ளி, 5 மீட்டருக்கு ஒரு அரை மீட்டர் சட்டம், ஆக 33 சட்டம்.

மீன் எண்ணுவதில் உலக முறையை அப்படியே எடுத்தால் இங்கே தோற்கும். 5 மீட்டர் அகலப் பட்டையில் எண்ணச் சொல்கிறது. மன்னாரில் பல நாள் 3 மீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. 2 மீட்டர் அகலமாகக் குறைத்து, எல்லா இடத்திலும் அதையே வைத்துக்கொள்ளுங்க. தெளிவான நாளில் அகலத்தைக் கூட்டுகிற வேலை கூடாது. புதிதாகச் சேர்ந்தவரும் பழகியவரும் ஒரே நாடாவை அடுத்தடுத்து எண்ணி, பத்துக்கு ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி பயிற்சி.

பாதுகாத்த இடத்தில் மட்டும் அளந்தால் ஒன்றும் நிரூபணமாகாது. அதே ஆழம், அதே தரை உள்ள வெளி இடம் ஒன்றும் ஒவ்வொரு தலத்துக்கும் ஜோடியாக வேணும். இரண்டிலும் ஏறினால் அது கடலின் போக்கு. உள்ளே ஏறி வெளியே ஏறாவிட்டால்தான் காவலின் பலன்.

வெப்பப் பதிவி தலத்துக்கு இரண்டு போடுங்க, அரை மணிக்கு ஒரு அளவு. வெயில் நேராகப் பட்டால் கடலைவிடக் கருவி சூடாகும், துளையிட்ட பிவிசி குழாய்க்குள் வைத்துப் பாறை நிழலில் கட்டணும். போடுவதற்கு முன்னும் எடுத்த பின்னும் பொடிப்பனிக்கட்டி கரைசலில் வைத்து 0 டிகிரி காட்டுகிறதா என்று பார்க்கணும். வெளுப்பைத் தீர்மானிப்பதே 1 டிகிரி, கருவி அரை டிகிரி தவறினால் அந்தப் பதிவு வீண்.

கடைசியாகக் காலண்டர். கச்சான் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, மன்னார் பக்கம் கொந்தளிக்கும், பாக் விரிகுடா அமைதி. வாடைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பாக் விரிகுடா கலங்கும். பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றுகிற மாதங்களில் மன்னாருக்கு முங்கப் போகிற திட்டம் போட வேண்டாம் என்று நினைவில் வைத்துக்கோங்க. இரண்டு பக்கமும் ஓரளவு வேலை செய்ய முடிவது பிப்ரவரி, மார்ச். பொது அளவீட்டை அந்த இரண்டு மாதத்தில் ஆண்டுதோறும் முடிங்க, கோடை வெளுப்புக்கு முந்தைய நிலையும் அதில் பதிவாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அப்போது எடுத்த மீன்பிடிக் கணக்கை வருஷ சராசரியோடு கலக்காதீங்க. இராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூணு நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை இருக்கு. படகு எண்ணுகிறவர் இரண்டு வகை நாளிலும் எண்ணணும்.

வனவியல்_மேட்டுப்பாளையம்

ட்ரோன் பற்றி ஒரே வரி. கடற்புல் படுகையின் ஓரம் எங்கே முடிகிறது என்று வரைபடம் எடுக்க ஆண்டுக்கு ஒருமுறை வாடகைக்கு எடுங்க, வாங்க வேண்டாம். எல்லை மீறுகிற விசைப்படகு பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும், அப்போது உதவுவது கரையில் இருக்கிற ஆளின் கைபேசியும் புறப்படத் தயாராக இருக்கிற படகும்தான். வேட்டைத் தடுப்புக் காவலர்களாகத் தீவை ஒட்டிய ஊர்க்காரர்களே இருப்பார்கள். அவர்கள் சம்பளம் மாதம் தவறாமல் வருவதற்கு ஒரு சுழல்நிதி வைத்தால் அதைவிடப் பெரிய கண்காணிப்புக் கருவி இல்லை.

நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ரோந்து எரிபொருள், படகுப் பராமரிப்பு, காவலர் சுழல்நிதி. ஐந்தில் ஒரு பங்கு அளவீடு, பயிற்சி. அதே அளவு கடற்புல்லும் பாசி அகற்றலும். மீதி வலை சேகரிப்பு, வரைபடம், ஆண்டுக்கு இரண்டு கூட்டுக் கூட்டம். கூட்டத்துக்கு வருகிற மீனவருக்கு அன்றைய தொழில் நட்டத்தைக் கட்டாயம் கொடுங்க. கொடுக்காவிட்டால் தொழிலுக்குப் போகாத ஆட்கள் மட்டும்தான் வருவார்கள், முடிவு கடலில் செல்லாது.

தணிக்கை_ஈரோடு

கணக்குப் பக்கம் சுருக்கமாச் சொல்லிடறேங்க. கம்பெனிச் சட்டம் 135ஆவது பிரிவு, ஏழாம் அட்டவணையில் சுற்றுச்சூழல் இனத்தில் இது வரும். உள்ளூருக்கு முன்னுரிமை என்று இருப்பது வழிகாட்டல்தான், இராமநாதபுரத்தில் செலவழிப்பதற்குத் தடை இல்லை. தீர்மானத்தில் தொடர் திட்டம் (ongoing project, பல வருஷம் நடக்கிற திட்டம்) என்று இயக்குநர் குழு தெளிவாக எழுதணும். எழுதினால் தொடங்கிய ஆண்டு போக மேலும் மூணு வருஷம் வரை கொண்டுபோகலாம், அந்த ஆண்டு செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டால் போதும். கடல் ஏற்காமல் வேலை தள்ளிப்போவது சகஜம் என்பதால் இது உங்களுக்கு அவசியம். எழுதாவிட்டால் மிச்சப் பணம் ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதிக்குப் போய்விடும்.

படகு, மோட்டார், பேலிங் பிரஸ் எதுவும் உங்க நிறுவனத்தின் பேரில் இருக்கக் கூடாது. பதிவெண் பெற்ற அறக்கட்டளை, பயனாளிகளின் சுய உதவிக் குழு, இல்லாவிட்டால் அரசு அமைப்பு, இவற்றில் ஒன்றின் பேரில்தான் வாங்கணும். உங்க நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ரோந்து பெட்ரோலும் காவலர் சம்பளமும் இந்த 5 சதவீதத்தில் சேராது, அது திட்டச் செலவு. பதிவேட்டில் அப்படியே தனித் தலைப்பில் எழுதுங்க, ஒவ்வொரு பெட்ரோல் ரசீதுக்கும் பக்கத்தில் அந்த ரோந்தின் ஜிபிஎஸ் பதிவு எண்ணும் இருக்கட்டும்.